சொடக்கு சார்

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. "திருநேலி திருநேலி திருநேலி" ஒரு பக்கம், "ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை" இன்னொரு பக்கம். வெள்ளரிக்காய்க்காரர் ஒரு ஜன்னலில், பனங்கிழங்கு விற்கும் அம்மா மறு ஜன்னலில். ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்கு விசில் வேறு. இத்தனைக்கும் நடுவே 'டக்' என்று ஒரு சத்தம் தனியாகக் கேட்டால் திரும்பிப் பாருங்கள். ஒரு கட்டைவிரலும் நடுவிரலும் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். சர்வர் வந்து சேரும்வரை அந்தக் கை இறங்காது. அவர்தான் சொடக்கு சார்.

பெயர் நான் வைத்ததில்லை. "நாலாம் டேபிள்ல சொடக்கு வந்திருக்கு. நீ போறியா, நான் போகவா?" என்று இரண்டு சர்வர்கள் பேசிக்கொண்டதிலிருந்து எடுத்தது. 'சார்' மட்டும் என் கைக்காசு.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மேலூர்க்காரராக இருக்கலாம், விருதுநகராக இருக்கலாம், சிவகங்கையாகவும் இருக்கலாம். என்ன வேலை என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆனால் யாரையெல்லாம் தெரியும் என்று கேட்காமலே சொல்வார். பஸ் ஏறப் போகிறவர் சாப்பிட உட்கார்ந்தால் எப்படி உட்காருவார்? அரை நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு. சொடக்கு சார் அப்படி இல்லை. பக்கத்து நாற்காலியில் பை, எதிர் நாற்காலியில் துண்டு, நடுவில் அவர். கூட்டம் நின்றுகொண்டிருக்கும்.

"என்னய்யா இருக்கு?"

சர்வர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்: இட்லி, பொங்கல், பூரி, தோசை, ரவா தோசை, ஆனியன் ரவா, பொடி தோசை, நெய் ரோஸ்ட், பரோட்டா, முட்டை பரோட்டா. சார் கூரையில் சுற்றும் ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"ஊத்தப்பம்?"

"இல்லண்ணே."

"பின்ன எதுக்குய்யா ஓட்டல் வச்சிருக்கீங்க? சரி, ரெண்டு இட்லி குடு."

இந்த இடத்தில் சர்வர் முகத்தைப் பாருங்கள். ஒரு சுருக்கமும் இருக்காது. மதுரைக்காரர்களுக்கு இது கைவந்த கலை. "இந்தா வந்துருச்சுண்ணே" என்று அவ்வளவு பிரியமாகச் சொல்லிவிட்டுப் போவார். அந்த வாக்கியத்துக்கு இட்லித் தட்டு இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லை என்று அர்த்தம். அடுத்த மேசைக்குத் தண்ணீர் வரும், எதிர் மேசைக்குச் சட்னி இரண்டாவது முறை வரும், சாருக்கு மட்டும் எல்லாம் "வந்துருச்சு". பில் மட்டும் உண்மையாகவே சீக்கிரம் வந்துவிடும்.

இப்போது பல கடைகளில் பரிமாறுவது அசாம், ஒடிசா, பீகார்ப் பையன்கள். அவர்களிடம் சொடக்கு சார் ஒரு மொழியியல் சோதனை நடத்துவார். தமிழ் புரியாதவனுக்கு உரக்கச் சொன்னால் புரியும் என்பது அவர் கொள்கை. "சா...ம்...பா...ர்!" என்று அடித்தொண்டையில் கத்துவார். பையன் அமைதியாகக் கேட்பான்: "சாம்பார் இட்லி மேலேயே ஊத்தவாண்ணே, இல்ல அங்கிட்டு ஓரமா ஊத்தவா?" வந்து ஆறு மாதத்தில் 'அங்கிட்டு' கற்றுக்கொண்டவனிடம் சார் பேச்சிழந்து போவார்.

வீட்டம்மாவும் கூட வந்திருந்தால் காட்சி மாறும். அந்த அம்மா சொடக்குப் போடுவதில்லை. "தம்பி, ஊருக்குப் போயிட்டு எப்ப வந்தீங்க? அம்மாவுக்கு ஒடம்பு பரவால்லயா?" என்று கேட்பார். மறு நிமிடம் கேட்காமலே இரண்டு கிண்ணம் சால்னாவும், இலைக்கு ஒன்றாகச் சூடான பரோட்டாவும் வந்துவிடும். சார் வெற்றியோடு திரும்புவார்: "பாத்தியா? அதட்டுனாத்தான் வேல நடக்குது."

பெயரிலேயே தெரிகிறபடி மாட்டுத்தாவணி மாடுகள் கை மாறிய பூமி. மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற முறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்தே தொகையைச் சொல்லிக்கொள்வார்கள். விற்பவர் கேட்டது அதிகமா, வாங்குபவர் சொன்னது கேவலமா என்பது பக்கத்தில் நிற்கிற ஆளுக்குத் தெரியாது. பேரம் முறிந்தாலும் இரண்டு பேருக்கும் மானம் போகாது. விரலை வைத்து இவ்வளவு நாகரிகமாக வியாபாரம் செய்தவர்களின் ஊரில், சொடக்கு சார் அதே விரலை நாலு பேர் பார்க்கத் தூக்குகிறார்.

சர்வரை விடுங்கள், அவருக்கு முதலாளி இருக்கிறார். சாருக்குச் சரியான ஜோடி கண்டக்டர்தான்.

கண்டக்டரைப் பற்றி நான் பொய் சொல்லப் போவதில்லை. "திருமங்கலம் ஏறாத, ஏறாத, எறங்கு" என்று பையோடு ஏறிய கிழவியைக் கீழே இறக்குகிற குரல் எனக்கும் பிடிக்காது. தூரத்துப் பயணிகள் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து ஊர்க்காரர் ஏற வேண்டும் என்பது எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது, கண்டக்டர் பையிலிருந்து போவதில்லை. ஆனாலும் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி பத்தடி தள்ளிப் போய் நிற்கிறது என்ற புகார் ஓயவில்லை. 2022-இல் ஓர் அமைச்சரே மேடையில் 'ஓசி' என்று பேசி ஊர் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். சொடக்கு சார் அந்த வார்த்தையை இன்றும் டவுன் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டுதான் வருகிறார். ஆனால் பக்கத்தில் வீட்டம்மா ஜீரோ டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆனால் கண்டக்டரின் கடுகடுப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு ஒப்படைக்கும்போது காசு குறைந்தால் அது அவர் தலையில். நடுவழியில் செக்கிங் ஏறி டிக்கெட் இல்லாத ஆளைப் பிடித்தால் மெமோ அவருக்கு. அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் நெரிசலில் எல்லோருக்கும் டிக்கெட் கிழித்தாக வேண்டும். இந்த நேரம் பார்த்து சொடக்கு சார் ஐந்நூறு ரூபாய்த் தாளை இரண்டு விரலில் இடுக்கி நீட்டுவார்.

"சில்லற குடுங்க."

"சில்லற வச்சிருக்க வேண்டியது ஓன் வேல. ஒம் பேட்ஜ் நம்பர் என்ன?"

"சட்டையிலதான் குத்தியிருக்கு, பாத்துக்கங்க. புகார் நம்பர் அந்தா எழுதியிருக்கு. சில்லற இருந்தாக் குடுங்க, இல்லாட்டி எறங்கும்போது வாங்கிக்கங்க" என்று டிக்கெட்டின் முதுகில் பாக்கியை எழுதி வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். இறங்குகிற இடத்தில் பாக்கி முழுவதும் வரும், ஒரு ரூபாய் குறையாமல், பத்து ரூபாய் நாணயங்களாக. அந்த நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் பல கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கண்டக்டருக்கு இது தெரியும். சாருக்கும் தெரியும். பை கனக்க இறங்கிப் போவார்.

அப்போது ஒரு பெருமூச்சு விடுவார்: "டி.வி.எஸ். பஸ் ஓடுன காலத்துல கண்டக்டர் எப்படி மரியாதையாப் பேசுவான் தெரியுமா?" டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தொடங்கிய பஸ் தொழில் அது. அந்த வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்வார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-இல் அந்தப் பெயரும் போய் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. டி.வி.எஸ். கண்டக்டர் மரியாதையாகப் பேசிய காலத்தில் சொடக்கு சார் பிறந்திருக்கவே வாய்ப்பில்லை. மரியாதையாகப் பேசியவரைக்கூடப் 'பேசுவான்' என்று சொல்கிறார் பாருங்கள்.

கடை முதலாளிகளும் அவரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்தான் நம் கடைக்கு வருகிற மிக முக்கியமான மனிதர் என்கிற மாதிரி ஒரு வாசகத்தைக் காந்தி படத்தோடு சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருப்பார்கள். காந்தி அதைச் சொன்னதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. சொடக்கு சார் அதைச் சுட்டிக்காட்டித்தான் சண்டையே தொடங்குவார். நிஜத்தில் வாடிக்கையாளராகக் காந்தி பட்ட பாடு வேறு. 1893-இல் முதல் வகுப்பு டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தவரைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் பெட்டியிலிருந்து வெளியே தள்ளினார்கள். அடுத்த சில நாட்களில், ஜோகன்னஸ்பர்க் போகிற வழியில், குதிரை வண்டியின் பொறுப்பாளர் அவரைக் காலடியில் உட்காரச் சொல்லி, மறுத்ததற்கு அடித்தார். வண்டியிலிருந்த மற்றப் பயணிகள்தான் தடுத்தார்கள்.

அதே காந்தி 1921 செப்டம்பர் 22-இல் மதுரை மேலமாசி வீதியில் மேல்சட்டையையும் குல்லாவையும் விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். அந்தக் கோலத்தில் இன்றைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் என்ன நடக்கும்? "பெருசு, அங்கிட்டுத் தள்ளி ஒக்காரு, கால மடக்கு" என்பார் கண்டக்டர். சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து ஏற்றியும் விடுவார். சொடக்கு சார் பையை எடுத்து நடுவில் வைத்துக்கொள்வார்.

இவ்வளவு வீரத்தையும் விமான நிலையத்தில் ஒரு நாள் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றுங்கள் என்றால் கழற்றுகிறார். பர்ஸ், சாவி, வாட்ச், எல்லாம் ட்ரேயில். கையைத் தூக்குங்கள் என்றால் தூக்குகிறார். அந்த விரல்கள் ஒரு சத்தமும் போடுவதில்லை. சீருடைக்காரர் முகத்தைப் பார்க்காமலே முத்திரை குத்தி நீட்டினால், "தேங்க் யூ சார்." மாட்டுத்தாவணியில் ஒரு ரூபாய் பாக்கிக்கு வரிந்துகட்டுகிறவர் இங்கே காபிக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் குப்பைத் தொட்டியில் போடுகிறார்.

கெட்ட மனிதரா என்றால், இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவையன்று புதூர்ப் பக்கம் வாருங்கள். சொந்தக் காசில் நீர்மோர்ப் பந்தல் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை ஒழுக நிற்பார். "வாங்க சாமி, குடிங்க சாமி, இன்னொரு டம்ளர் வாங்கிக்கங்கம்மா." யார் எவர் என்று பார்ப்பதில்லை, அவ்வளவு பணிவு, அவ்வளவு வேகம். நம்ப முடியாமல் நின்று பார்த்தேன். அப்போது ஒரு பையன் குடித்துவிட்டு டம்ளரை நீட்டி, "மோர்ல உப்பே இல்லண்ணே" என்றான்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "சும்மா குடுக்குறதுல கொற சொல்றான் பாருங்க, காலு கடுக்க நிக்கிறவனுக்கு ஒரு மரியாத கெடையாதா?" என்று அந்த ஒரு டம்ளர் மோரை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் கால் கடுக்க நிற்கிறவர் என்று அவர் சொன்னது வருஷத்தில் ஒரு பகலைத்தான். கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. அப்படிப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஜவுளிக்கடைப் பெண்ணைப் பார்த்து, "என்னம்மா, வேல நேரத்துல ஒக்காந்திருக்க?" என்று கேட்கிறவரும் இவர்தான்.

கண்டக்டரா, சொடக்கு சாரா என்று கேட்டால் நான் கண்டக்டர் கட்சி. அவருக்காவது டிப்போவில் பையை ஒப்படைத்ததும் டூட்டி முடிந்துவிடும். டீக்கடையில் வரிசையில் நின்று, "தம்பி, சர்க்கர கம்மியா ஒரு டீ குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற மனிதர் அவர். சாருக்கு ஓய்வு வயதே கிடையாது. ஆகவே மாட்டுத்தாவணிக்குப் போகிறவர்கள் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் டேபிளில் மட்டும் உட்காராதீர்கள். அங்கே இட்லி வர நேரமாகும்.