முன்னாள் கைக்குழந்தை

வயது மூன்றரை. உயரம், சாப்பாட்டு மேஜையை எக்கிப் பார்க்கிற அளவு. பதவி, மூத்த பிள்ளை. இந்தப் பதவியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஒருநாள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள், துண்டில் சுற்றிய ஒன்றோடு திரும்பினாள். அன்றிலிருந்து எல்லாரும் "நீ பெரிய பையன்" என்கிறார்கள். போன வாரம் வரை சின்னப் பையனாகத்தான் இருந்தார். அதிலும் ஒரு குழப்பம்: தூளியை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் பெரிய பையன், அப்பாவின் போனைத் தொட்டால் சின்னப் பையன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பழைய விசுவாசிகள்தான். செருப்பைக் கழற்றியதும் இவரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றிய அதே மாமா, அதே அத்தை. இப்போது கையைக் கழுவிக்கொண்டு இவரைத் தாண்டிப் போகிறார்கள். தேர்தலில் தோற்ற அமைச்சர் வீட்டு வாசல்கூட இவ்வளவு சீக்கிரம் காலியாகாது. தூளியைச் சுற்றி நின்று, மூக்கு யார் ஜாடை, நெற்றி யார் ஜாடை என்று சொத்துப் பிரிக்கிறார்கள். ஒப்புக்கு நம்மவரிடமும் கேட்கிறார்கள். "குரங்கு மாதிரி இருக்கு." அந்த அறையில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான் என்பது என் கட்சி.

பரிசு விஷயத்திலும் அநியாயம். அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு 2015-ல் 'அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்' கொடுக்க ஆரம்பித்தார்கள். மொத்தம் 16 பொருட்கள். கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட இருந்தது. இவ்வளவு யோசித்த சர்க்காருக்கு மூத்ததற்கென்று 17-ஆவதாக ஒன்று வைக்கத் தோன்றவில்லை. கிலுகிலுப்பையை எந்த மூத்ததும் கையகப்படுத்திவிடும் என்பது வேறு விஷயம்.

மூத்த பிள்ளையை அரியணை இழந்த ராஜா என்று எழுதினார் வியன்னா உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர். ஆனால் ஆட்லர் வீட்டுக்கு இரண்டாவது பிள்ளை, அதாவது ஆட்சியைக் கவிழ்த்த கட்சிக்காரர். தன் தாய்க்கு மூத்த பிள்ளையான ஃப்ராய்டோ, தம்பி பிறந்தபோது தனக்குப் பொறாமை வந்ததை 1897-ல் நண்பர் ஃப்ளீஸுக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 41. நம்மவர் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "பாத்தாச்சு. கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டு வந்துடு."

நம் புராணத்தில் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனவர் இளையவர். நிஜ வீடுகளில் போகிறவர் மூத்தவர்; அதுவும் கட்டிலுக்கு அடிவரைதான். யாராவது தேடுகிறார்களா என்று அங்கிருந்து அடிக்கொரு தரம் எட்டிப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் கணக்குத் தெரிந்தவர். பேசினால் திட்டு, ஓடினால் "சத்தம் போடாதே". படுத்துக்கொண்டு அழுகிறவனிடம்தான் ஆள் ஓடிவருகிறது. எனவே கைக்குழந்தையாக இருப்பதே லாபம் என்று முடிவு கட்டி, திரும்பவும் மழலை பேசத் தொடங்குகிறார். டம்ளரில் குடித்தவர் பாட்டில் கேட்கிறார். பாத்ரூம் பழகி ஒரு வருஷமானவர், ஹாலின் நடுவில் நின்று, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே காரியத்தை முடிக்கிறார். பாப்பா நனைத்தால் "அச்சச்சோ, என் செல்லம்!" இவர் நனைத்தால் முதுகில் ஒன்று. ஒருநாள் பாட்டி பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் திரும்புவதற்குள் இவர் தூளிக்குள். பதினைந்து கிலோ பாரத்தில் புடவை தரையைத் தொடுகிறது, உத்தரத்துக் கொக்கி முனகுகிறது. உள்ளிருந்து உத்தரவு: "பாட்டி, ஆட்டு!"

பாசத்துக்கும் குறைவில்லை. பாப்பாவுக்கு முத்தம் கொடுப்பார். முத்தம் உதட்டில் ஆரம்பித்துப் பல்லில் முடியும். அலறல் கேட்டு அம்மா ஓடிவந்தால் வாசலிலேயே எதிர்கொண்டு தகவல் சொல்பவரும் அவரே: "பாப்பா சும்மாவே அழுவுதும்மா."

இவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வருவதில்லை. கோபம் வருவதெல்லாம் மாமாக்கள் மேல்தான். வீட்டுக்கு ஒருவர் உண்டு. "உன்னைத் தவிட்டுக்குத்தாண்டா வாங்குனோம். பாப்பாதான் எங்க சொந்தப் பிள்ளை" என்பார். தலைமுறை தலைமுறையாக ஓடுகிற இந்த ஜோக்கைக் கேட்டுச் சிரித்த ஒரு குழந்தையை நான் பார்த்ததில்லை. நம்மவர் அழவுமில்லை. யோசித்தார்.

"பாப்பாவை எவ்ளோக்கு வாங்குனீங்க?"

"எழுபதாயிரம்" என்றார் அப்பா. தனியார் ஆஸ்பத்திரி பில் ஞாபகம் வந்து, அந்த அறையில் சிரிக்காமல் இருந்த பெரியவர் அவர் ஒருவர்தான்.

"அதுக்கு நிறையத் தவிடு கிடைக்குமா?"

"ஒரு லாரி கிடைக்கும்டா" என்றார் மாமா.

"அப்போ பாப்பாவை வித்துட்டுத் தவிடு வாங்கலாம். அதைக் குடுத்து இன்னும் நாலு நானு வாங்கலாம்ல?"