பென்ஷன் ஆபீசில் போதை தெளியும்

குடிநோயும் நோய்தான் என்று ஜெர்மனியின் சமூக உச்ச நீதிமன்றம் 1968-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம்மூரில் அதற்கு இன்னும் 'கொழுப்பு' என்றுதான் பெயர்.

குடிகாரரின் உடம்பை அங்கே இலாகா பிரித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போன சரக்கை இறக்குவது மருத்துவக் காப்பீட்டின் வேலை. மறுபடி கிளாஸைத் தொடாமல் பழக்குவது பெரும்பாலும் ஓய்வூதியக் காப்பீட்டின் வேலை. தேறினால் வேலைக்குப் போவார், சந்தா கட்டுவார் என்ற கணக்கு. சந்தாவே கட்டாதவர்?

உதாரணத்துக்கு, அகதி விண்ணப்பம் போட்டவர். அவருக்கென்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. திடீர் நோய்க்கும் வலிக்கும் வைத்தியம் உண்டு. வலிப்பு வந்து விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும். விழாமலிருக்க மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டுமென்றால் அதிகாரி மனசு வைக்க வேண்டும். 18 மாதம் பொறுத்தால் ஏறக்குறைய முழு வைத்தியம் என்றிருந்ததை 2024-ல் 36 ஆக்கினார்கள். போதை அதுவரை பொறுமையாகக் காத்திருக்கும் போல.

நியாயத்தையும் சொல்லிவிடுவோம்: கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமான காரித்தாஸ் போன்ற அமைப்புகள் நடத்தும் ஆலோசனை நிலையங்கள் இலவசம், காப்பீட்டு அட்டை கேட்பதில்லை. சாராயக் கடையும் கேட்பதில்லை. 16 வயதானால் பீர், ஒயின் இரண்டும் கிடைக்கும். அந்த ஒயினுக்கு ஜெர்மனியில் கலால் வரி ஒரு சென்ட்கூடக் கிடையாது.