ஏற்காட்டில் பசை காயும் விதம்

பசையின் வலிமையை அளப்பது எளிய சோதனை என்னும் எண்ணம், அதனை ஒருமுறையேனும் செய்து பார்க்காதவர்களிடமே அசைக்க முடியாத உறுதியுடன் நிலவிவருகிறது. 1993 முதல் நாடு தழுவிய அளவில் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு போன்றவற்றுக்கு ஆய்வுப் பொருள் தேடும் மாணவர் குழுக்கள் பசையை நாடுவதற்கு, அது மலிவானது, வெடிக்காதது, காணாமற்போனாலும் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பன போதிய காரணங்களாகும். சேலம் மாவட்டத்துக் குழுவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜவ்வரிசி ஆலைகள் மலிந்த அம்மாவட்டத்தில் மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை என்பதாலும், அந்த மாவைக் கரைத்துக் காய்ச்சினால் மாச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் கொழகொழவென்ற கூழாகிவிடும் என்பதாலும், ஆய்வுப் பொருள் அடுப்பிலேயே தயாராகிவிடுகிறது.

கருவியும் எளிதே. இரண்டு மரச்சட்டங்களின் நுனிகளை 2 செ.மீ. நீளத்துக்கும் 2 செ.மீ. அகலத்துக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேற்சட்டத்தைச் சன்னல் கம்பியில் கட்டி, கீழ்ச்சட்டத்தில் வாளியைத் தொங்கவிட்டு, இணைப்பு விடும்வரை சொம்பு சொம்பாக நீர் ஊற்றுவர். வாளியும் நீருமாக 10 கிலோவில் இணைப்பு விட்டதெனில் விசை ஏறத்தாழ 98 நியூட்டன். ஒட்டிய பரப்பு 4 சதுர செ.மீ. ஆதலால் ஒட்டுவலிமை, அதாவது ஓரலகுப் பரப்பு தாங்கும் விசை, சதுர செ.மீ.க்கு 24.5 நியூட்டன். கணக்கு இத்துணைத் தெளிவாக அமைவதற்கு, வாளி விழுந்த இடத்தில் யாருடைய கால் இருந்தது என்பதைச் சூத்திரம் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

எனினும் அளக்கப்பட்டது எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பசை மரத்தைப் பற்றும் விசை வேற்றினக் கவர்ச்சி எனவும், பசை தன்னைத்தானே பற்றிக்கொள்ளும் விசை ஓரினக் கவர்ச்சி எனவும் வழங்கப்படும். பிரிந்த இரு சட்டங்களிலும் பசை தங்கியிருந்தால் தோற்றது பின்னது, ஒரு சட்டம் துடைத்தாற்போலிருந்தால் தோற்றது முன்னது, மரமே சிராய் சிராயாகப் பிய்ந்து வந்தால் தோற்றவர் சட்டம் தந்த தச்சர், பசை வென்றுவிட்டது. வாளிக் கயிறு அறுந்தால், ஆய்வு செய்யப்பட்டது கயிறு. இந்நால்வகைத் தோல்விகளையும் ‘பசையின் வலிமை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அழகிய கையெழுத்தில் பட்டியலிடுவது குழுக்களின் நெடுநாள் வழக்கம்.

கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலுள்ள சேலத்தில் இச்சோதனையைப் பல பசைகளைக் கொண்டு செய்து முடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மீண்டும் செய்யும் குழுவுக்கு முடிவு தலைகீழாகலாம். கூழ்ப்பசை இறுகுவது என்பது அதிலுள்ள நீர் காற்றுக்குப் போவதேயாகும். மழைக்காலத்தில் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக் காற்றோ தன்னிடமுள்ள நீரையே எங்கு வைப்பதென்று அறியாமல், மூடுபனியாக வகுப்பறைச் சன்னல் வழியே உள்ளே வந்து கடைசிப் பெஞ்சில் அமர்ந்துகொள்கிறது. கொடியில் போட்ட சட்டையே நாட்கணக்கில் காயாத ஊரில் கூழ் மட்டும் காயுமா? அது பூஞ்சை பூக்கிறது. சுவரொட்டி ஒட்டுவோர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதன் காரணம், பாடநூலின் துணையின்றி அப்போது விளங்கும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையும் நீர் வெளியேறினாலன்றி இறுகாது. ஆனால் சயனோஅக்ரிலேட் எனப்படும் உடனடிப் பசை, ஈரத்தைத் தொட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள இறுகும் இயல்பினதாதலால், பனிமூட்டத்தில் அது விரைந்து பிடிக்கிறது. முதலில் பிடிப்பது குழுத்தலைவரின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையுமே.

இவ்வளவையும் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பல்லி, பாதத்திலுள்ள கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான நுண்மயிர்களால், பசையேயின்றிச் சுவரைப் பற்றி நிற்கிறது. அதனைப் பின்பற்றி 2003இல் ஆந்திரே கைம் குழுவினர் மான்செஸ்டரில் உருவாக்கிய ஒட்டுநாடா, சில முறை ஒட்டி எடுத்ததும் பிடிப்பை இழந்தது. அவருக்கு 2010இல் நோபல் பரிசு பெற்றுத்தந்ததோ, கிராஃபைட்டிலிருந்து சாதாரண ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த கிராஃபீன். ஒட்டுவதைவிட உரிப்பதே மேன்மை தரும் என்று மாணவர்கள் இதிலிருந்து முடிவுகட்டினால் மறுப்பது கடினம்.

எனவே கண்காட்சிப் பலகை முன் நின்று ‘எந்தப் பசை வென்றது?’ என வினவும் நடுவர்கள், அன்றைய ஈரப்பதம் என்ன, பிரிந்த பரப்புகள் எப்படியிருந்தன என்றும் வினவுதல் வேண்டும். ஈரப்பதம் அறிய இரண்டு வெப்பமானிகளும், அவற்றுள் ஒன்றன் குமிழில் நனைத்துச் சுற்ற ஒரு துணித்துண்டும் போதும். மலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள் இச்செலவுக்கு ஒப்புதல் தர முன்வரவேண்டும்.