வடைக்குள்ள போன முட்டி

வா மாப்ள, உட்காரு. கோரிமேட்டுல ஜிப்மர் வாசல் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்தே பாதி டாக்டருக்குப் படிச்சவன் உன் மாமன். ஃபீஸ் கிடையாது, டீ மட்டும் சொல்லு.

வண்டியில சீன் போட்டே, விழுந்தே, முட்டி போச்சு. சரி. அந்த முட்டியோட சிடி ஸ்கேன் படத்தைச் சுத்திச் சுத்திக் காட்டி ஸ்டேட்டஸ் வெச்சிருக்கியாமே! பேத்தி காட்டினா. எலும்பு தந்தம் மாதிரி மினுங்குது. பொண்ணு வீட்டுக்குக் குடுத்த போட்டோவுலகூட நீ இவ்வளவு லட்சணமா இல்லடா.

உளுந்து வடை மாதிரி ஒரு மெஷினுக்குள்ள விட்டாங்களே, அது என்ன பண்ணுச்சு தெரியுமா? சுத்தி வந்து எக்ஸ்ரே பாய்ச்சி, வெள்ளரிக்காயை நறுக்கற மாதிரி உன் முட்டியை வில்லை வில்லையா எடுத்துச்சு. ஒரு வில்லை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுல புள்ளிக்குப் புள்ளி ஒரு நம்பர்: தண்ணிக்கு 0, காத்துக்கு மைனஸ் 1000, கெட்டி எலும்புக்கு 1000 பக்கம். பெரிய நம்பரை மட்டும் வெச்சுக்கன்னு கம்ப்யூட்டருக்குச் சொன்னா, தோலும் சதையும் கழண்டுக்கும், எலும்பு மட்டும் நிக்கும். மினுமினுப்பு அது பூசிவிட்ட பவுடர்.

லண்டன்ல ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கின சிடி மெஷின் முதல் நோயாளியோட தலையைப் பார்த்தது 1971-ல. அதே வருஷம், மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல ரொம்ப காலம் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணனோட சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்லேர்ந்து உருவத்தைப் பிசிறில்லாம மீட்கிற கணக்கை எழுதினாரு. ‘ராம்-லாக் ஃபில்டர்’னு பேரு. நமக்குத் தெரிஞ்சது காபி ஃபில்டர்தான்! 1979-ல சிடிக்கான நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போச்சு, ராமச்சந்திரனுக்கு இல்ல. எனக்கு இன்னும் வயிறு எரியுது.

உன் கதைக்கு வரேன். எந்தச் சில்லு எங்க நகர்ந்திருக்குன்னு காட்ட அந்த மினுக்குப் படம் கெட்டிதான். ஆனா பட்டி பூசின சுவத்துல விரிசல் மறையற மாதிரி, மயிரிழைக் கீறல் அதுல மறைஞ்சுடும். அதனாலதான் டாக்டர் வில்லை வில்லையாப் புரட்டுவாரு. ஜவ்வு கிழிஞ்சுதான்னு கேட்டா சிடி சரியாச் சொல்லாது, எம்.ஆர்.ஐ. கிட்ட போகணும்.

உங்க அத்தை நாட்டு வைத்தியர்கிட்ட புத்தூர்க் கட்டுன்னு பேச்செடுப்பா. நீ தலையாட்டாதே. உன் முறிவு மூட்டுக்குள்ளயே ஓடியிருக்கு. உள்ள படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தா நடக்க நடக்கத் தேயும். முதல்ல அந்த வில்லையெல்லாம் எலும்பு டாக்டர் கண்ணுல படட்டும். நான் இப்படிச் சொன்னேன்னு மட்டும் அத்தைகிட்ட சொல்லிடாதே. என் எலும்பைச் சிடி எடுக்க வெச்சுடுவா.