செயலித் தரவுக் கோப்பின் இருப்பிடம்: வில்லியனூர்ப் பாடமும் பாகூர்ப் பாடமும்

பாயிரம்

சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்தி வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த கணக்கு. காலம், களம், காரணம் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு. ஒன்று குறைந்தாலும் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் அந்தக் கடனை முதலில் கழித்துவிடுவது நல்லது.

நுதலிய பொருள்: கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கும்போது அது தனக்குள் எழுதிவைத்துக்கொள்ளும் டேட்டாபேஸ் கோப்பு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பது. எல்லை: வடக்கே ஊசுட்டேரி, தெற்கே பாகூர் ஏரி. கேட்போர்: திங்கட்கிழமை ரிவ்யூ வைத்திருக்கும் மூன்றாமாண்டுப் பொறியியல் மாணவர். காலம்: ஞாயிறு இரவு பதினொன்றரை. வழி: காப்பி-பேஸ்ட். யாப்பு: விரித்தல். தொகுத்தால் ஒரு வரிதான் வரும். ஒரு வரிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலங்கள் இரண்டு. வில்லியனூர்ப் பாடம் (இனி வி.பா.) 192 பக்க லாங்சைஸ் நோட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதப்பட்டது. பாகூர்ப் பாடம் (இனி பா.பா.) ஜெராக்ஸ், மூலப்படி கிட்டவில்லை. உண்மையில் இரண்டுமே கிட்டவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று தொகுத்தாரே, அவை இருந்து மறைந்தவை. இவ்விரண்டும் மறைந்தே பிறந்தவை. மேற்கோள் காட்ட அதனால் வசதி அதிகம்.

முதல் இயல்: கோப்பு என்பது யாது

கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தைத்தான் நம்பியிருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் எழுதியது. அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது, தரவுத்தள சர்வர் படுத்துவிட்டால் மற்ற நிரலும் கூடவே படுத்துவிடுகிறதே என்ற எரிச்சலில் பிறந்தது. சர்வரே இல்லாமல் எல்லா அட்டவணைகளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வது அவர் கண்ட வழி. போர்க்கப்பலுக்கென யோசித்தது இன்று வில்லியனூர்ப் பக்கம் ஒரு பால் சங்கத்துக்கு மாணவர் எழுதும் செயலிக்குள்ளும் உட்கார்ந்து, யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறது.

கல்வெட்டுக்கு ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ எப்படியோ, இந்தக் கோப்புக்கும் அப்படி ஒரு மங்கலச் சொல் உண்டு. முதல் 16 பைட்டுகளில் ‘எஸ்க்யூலைட் ஃபார்மேட் 3’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு சுழியத்தோடு முடித்திருக்கும். பெயரின் கடைசியில் டிபி என்று இருந்தாலும் சரி, எதுவுமே இல்லாவிட்டாலும் சரி, இந்தத் தொடக்கத்தை வைத்துக் கோப்பை அடையாளம் காணலாம் (வி.பா., முதல் வரி).

இரண்டாம் இயல்: இடம்

ஆண்ட்ராய்டில் கோப்பு இருப்பது டேட்டா என்ற ஃபோல்டருக்குள் டேட்டா என்ற ஃபோல்டருக்குள் செயலியின் முழுப்பெயர் கொண்ட ஃபோல்டருக்குள் டேட்டாபேசஸ் என்ற ஃபோல்டரில். ஆய்வு இங்கேயே முடிந்துவிட்டது.

ஆயினும் ‘டேட்டா, டேட்டா’ என இருமுறை வருவது இரட்டைக்கிளவியா அடுக்குத்தொடரா என்ற வினாவைத் தள்ளிவிட்டுப் போவது ஆய்வறத்துக்கு இழுக்கு. பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. இதைப் பிரித்து முதல் டேட்டாவை மட்டும் திறந்தால் ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே இரட்டைக்கிளவி என்பது வி.பா. அச்சம், அவலம், வெகுளி, விரைவு காரணமாகச் சொல் அடுக்கி வரும் என்பதால், ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு நான்கும் சேர்ந்தே இருப்பதைச் சுட்டி அடுக்குத்தொடர் என்பது பா.பா. ‘டேட்டா, யூசர், 0’ என்றும் இதே இடத்துக்கு இன்னொரு பாதை உண்டு. அதைக் காட்டிவிட்டால் சண்டையே இல்லை. எனவே இரு தரப்பும் அதைக் காட்டுவதில்லை (வி.பா., பின்னட்டை, ஸ்டேப்ளர் துளைக்கு மேல். மறுப்புக்குக் காண்க பா.பா., அதே இடம், துளைக்குக் கீழ்).

இடம் தெரிந்தாலும் உள்ளே போகமுடியாது என்பதே நடைமுறைச் சிக்கல். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் கொடுத்து வேலி போட்டிருக்கிறது. ஒரு செயலியின் அறைக்குள் மற்றொரு செயலி எட்டிப்பார்க்க முடியாது. போனோடு வந்த ஃபைல் மேனேஜருக்கும் இதே விதி. புதுச்சேரிப் பகுதியும் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பதுதான். ஆனால் எல்லை தாண்டியாயிற்றா இல்லையா என்பதைச் சாலையோர ஒயின்ஷாப் பலகை பார்த்துச் சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டில் ‘பெர்மிஷன் டினைட்’ என்ற இரண்டே சொல்தான்.

உள்ளே போக வழி இரண்டு. இவற்றைப் பற்றி எழுந்த கருத்து வேறுபாடு வைணவ வடகலை, தென்கலைப் பிரிவை நினைவூட்டுவது தற்செயல் அன்று. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல மாணவர் தம் முயற்சியால் கோப்பைப் பற்றவேண்டும் என்பது மர்க்கட நியாயம். அதன்படி கணினியில் ஏ.டி.பி. ஷெல்லைத் திறந்து, ‘ரன்-ஆஸ்’ என்று அடித்துச் செயலியின் பெயரைச் சொன்னால், அந்தச் செயலியின் வேடத்தில் உள்ளே நுழையலாம். டீபக் செய்யத்தக்கதாகக் கட்டப்பட்ட செயலிக்கு மட்டுமே இது செல்லும். பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு வரும் என்பது மார்ச்சால நியாயம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் 4.1 பதிப்பிலிருந்து வந்த டேட்டாபேஸ் இன்ஸ்பெக்டர், ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் அட்டவணைகளைத் தானே கவ்வி வந்து திரையில் வைக்கிறது. போனில் ஏ.பி.ஐ. 26, அதாவது ஆண்ட்ராய்டு 8 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். அருளுக்கும் குறைந்தபட்சத் தகுதி உண்டு என்று பா.பா. இதற்கு உரை காண்கிறது.

எமுலேட்டரில் ரூட் அதிகாரம் வாங்கி எந்த அறைக்கும் போகலாம். கூகுள் பிளே உள்ள இமேஜில் அது நடக்காது. பிளே இல்லாத கூகுள் ஏ.பி.ஐ. இமேஜில் நடக்கும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்தவர்கள் உண்டு.

ஐஃபோன் சிமுலேட்டர்: மேக் கணினியின் லைப்ரரி ஃபோல்டருக்குள் டெவலப்பர், அதற்குள் கோர்சிமுலேட்டர், டிவைசஸ், அங்கே 36 எழுத்தில் ஒரு பெயர், இன்னும் நான்கு படி இறங்கினால் மறுபடி 36 எழுத்தில் ஒரு பெயர். லைப்ரரி ஃபோல்டரையே ஆப்பிள் 2011 முதல் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருக்கிறது. இரண்டாவது 36 எழுத்து, செயலியை மறுபடி நிறுவும்போது மாறிவிடக்கூடியது. நேற்றைய பாதையை நோட்டில் எழுதிவைத்தவருக்கு இன்று அங்கே வெற்றிடம், பா.பா. ஜெராக்ஸ் ஆனதற்கும் மூலம் தொலைந்ததற்கும் இதுவே காரணம் எனக் கொள்ள இடமுண்டு. ‘சிம்-கன்ட்ரோல்’ கட்டளையிடம் செயலியின் அடையாளப் பெயரைச் சொன்னால் இப்போதைய இடத்தை ஒரு நொடியில் சொல்லிவிடும்.

ஃப்ளட்டர்: எஸ்க்யூஃப்லைட் பொட்டலத்திடமே கேட்கவும்.

ரியல்ம் என்ற மற்றொரு தரவுத்தளம்: மோங்கோடிபி நிறுவனம் 2019-இல் வாங்கியது, மரியாதை நிமித்தம் இந்த வரி.

மூன்றாம் இயல்: வால்

கோப்பைக் கண்டுபிடித்தாயிற்று. லேப்டாப்புக்கு இழுத்தாயிற்று. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. “மச்சி, காலையில நாப்பது பேர் கணக்கு ஏத்தினேன்டா, எங்கடா போச்சு?” என்ற குரல் எழும் இடமே இந்த ஆய்வின் மையம்.

இதை விளக்கப் பாகூர்ச் செப்பேட்டை நாடுவது தவிர வேறு வழியில்லை, இருந்தாலும் நாடப்போவதில்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில் பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அக்காலக் கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதைச் சொல்லும் ஒன்பதாம் நூற்றாண்டு ஆவணம் அது. 1879-இல் பாகூரில் கிடைத்தது. போய்ச் சேர்ந்த இடம் பாரிஸ் தேசிய நூலகம். பாகூர்க் கல்லூரியின் கணக்கைப் பார்க்கப் பாகூர்க்காரர் பாரிசுக்குப் போகவேண்டும் என்றால், ‘லோக்கல்’ டேட்டாபேஸ் லோக்கலில் இருக்கும் என்று எதிர்பார்த்த மாணவர்மீது குற்றம் சொல்ல முடியாது.

நாடமாட்டோம் என்று சொல்லிவிட்டு நாடியாயிற்று. ஆய்வேடுகளில் இது வழக்கம்தான். இனி அந்தச் செப்பேட்டின் உடலமைப்பைக் கவனிக்கவேண்டும். அது ஒற்றை ஏடு அன்று. ஐந்து ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து முத்திரையிட்டது. சமஸ்கிருதத்தில் அரச குலத்தின் புகழும் தமிழில் கொடையின் விவரமும் வருகின்றன. முதல் ஏட்டை மட்டும் கழற்றிக்கொண்டு ஓடுகிறவருக்குப் பல்லவர் பெருமை கிடைக்கும். எந்த ஊர், எந்த எல்லை, யாருக்கு என்பது கிடைக்காது.

மாணவர் செய்தது அதைத்தான். ஆண்ட்ராய்டில் ரூம் நூலகத்தைப் பயன்படுத்தினால், நினைவகம் மிகக் குறைந்த போன்கள் தவிர மற்றவற்றில், எஸ்க்யூலைட் ‘ரைட்-அஹெட் லாக்’ முறையில் எழுதுகிறது. புதிதாக ஏற்றிய வரி எதுவும் நேரே மூலக் கோப்புக்குப் போவதில்லை. பக்கத்திலேயே அதே பெயரோடு ஒரு கோடு போட்டு ‘வால்’ என முடியும் இன்னொரு கோப்பில் சேர்ந்துகொண்டே வரும். அது நிரம்பியபின், எஸ்க்யூலைட்டின் இயல்பான கணக்கில் ஆயிரம் பக்கம் ஆனபின், எல்லாவற்றையும் மூலக் கோப்புக்கு மாற்றும். ஒரு பக்கம் 4,096 பைட். ஒரு கிராமத்துப் பால் கணக்கு ஆயிரம் பக்கத்தை எட்ட அந்த மாடுகள் நெடுநாள் உழைக்கவேண்டும். அட்டவணையை உருவாக்கியதுகூட வாலில்தான் இருக்கும் என்பதால் மூலக் கோப்பு வெறும் நாலு கேபியில், அட்டவணையே இல்லாமல், மங்கல வாழ்த்தோடு நின்றுவிடும்.

இதனால் காலக் கணிப்பிலும் குழப்பம். அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டியபோது இத்தாலியின் அரெட்ஸோ வகை மட்கலங்களை வைத்து மண்ணடுக்குகளுக்குக் காலம் சொன்னார். நம் மாணவர் மூலக் கோப்பின் ‘கடைசியாக மாற்றிய நேரம்’ பார்த்துக் காலம் சொல்கிறார். வாலில் இன்று காலை வரை எழுதியிருக்க, மூலக் கோப்பு சென்ற வாரத் தேதியில் உறங்கும். செயலி வேலை செய்யவில்லை என்று அவர் முடிவுகட்டி, நன்றாக இருந்த நிரலை அழித்து மறுபடி எழுதுவார். (இப்பகுதியை ‘மாடு வராத காலம்’ என்று வி.பா. தலைப்பிடுகிறது, ‘வால் வராத காலம்’ என்பதே சரியான பாடம், ஏடெழுதியவர் கண்ணயர்ந்து பிழைத்தார் என்பது பா.பா.வின் ஜெராக்ஸ் மையில் பாதி மட்டும் பதிந்த ஓர் அடிக்குறிப்பு. அடிக்குறிப்பின் மறுபாதியை நம்பி இதுவரை இரண்டு கருத்தரங்குகளில் மதிய உணவு பரிமாறப்பட்டிருக்கக்கூடும்.)

இந்தக் குடும்பத்தில் மூன்றாவது ஒருவரும் உண்டு: ‘எஸ்.எச்.எம்.’ என முடியும் கோப்பு. வாலில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பொருளடக்கம்தான் அது. தொலைந்தாலும் எஸ்க்யூலைட் வாலைப் படித்து அதைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும். எனவே இடைச்செருகல் என்று தள்ளிவிடலாம். தமிழாய்வில் ஒரு பகுதியைச் செய்தே பார்த்து இடைச்செருகல் என நிறுவ முடிந்த இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தீர்வு எளிது. மூன்று கோப்பையும் ஒரே மூச்சில், ஒரே ஃபோல்டருக்கு இழுக்கவேண்டும். அல்லது இழுப்பதற்கு முன் செக்பாயின்ட் கட்டளை கொடுத்து வாலை மூலத்துக்குள் கரைத்துவிடவேண்டும். உருவாக்கும் காலத்தில் மட்டும் ரூமின் ஜர்னல் முறையை ‘ட்ரங்கேட்’ என்று மாற்றிக்கொள்வாரும் உண்டு. ஐஃபோனில் கோர் டேட்டா பயன்படுத்துகிறவர்களுக்கும் 2013-இல் வந்த ஐ.ஓ.எஸ். 7 தொட்டு இதே வால், இதே வழி.

நான்காம் இயல்: செயலியையே கேட்டல்

ஆண்ட்ராய்டில் ‘கெட் டேட்டாபேஸ் பாத்’ என்ற ஓர் அழைப்பை எழுதி, வரும் விடையை லாகில் அச்சிட்டால் முழுப் பாதையும் வந்துவிடும். மேலே உள்ள இரண்டாம் இயல் தேவையில்லை. பக்க எண்ணிக்கை கருதி அது நீக்கப்படவில்லை.

ஐந்தாம் இயல்: மறுபிறப்பு

செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் அதன் அறை முழுதும் அழியும்; கோப்பும் வாலும் இடைச்செருகலும் சேர்ந்தே போகும். கர்மம் தொலைந்தது என்று மாணவர் புதிதாக இன்ஸ்டால் செய்கிறார். திறந்தால் பழைய மாடுகள் அத்தனையும் அப்படியே நிற்கின்றன, மூன்று வாரத்துக்கு முன் தவறாக ஏற்றிய நானூறு லிட்டர் கறவையோடு.

காரணம் ஆண்ட்ராய்டு 6 முதல் உள்ள ஆட்டோ பேக்கப். போன் சார்ஜில், வைஃபையில், சும்மா கிடக்கும்போது செயலியின் தரவை 25 எம்பி வரை கூகுள் டிரைவுக்கு அது ஏற்றிவிடும். டேட்டாபேஸ் கோப்பும் அதில் சேர்த்தி. செயலி மறுபடி உடலெடுக்கும்போது, லேப்டாப்பிலிருந்து நேரே நிறுவினாலும், பழைய வினை வந்து ஒட்டிக்கொள்ளும். ஆன்மா எங்கிருந்தது என்பதில் வி.பா. ஒன்றும் சொல்லவில்லை, பா.பா.வில் அந்தப் பக்கம் டீ சிந்தி அழிந்திருக்கிறது.

மேனிஃபெஸ்ட் கோப்பில் ‘அலவ் பேக்கப்’ என்ற வரிக்கு ‘ஃபால்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்தால் பிறவி அறும். ஆண்ட்ராய்டு 12 முதல், பழைய போனிலிருந்து நேரே புதிய போனுக்கு மாற்றும்போது சில நிறுவனங்களின் கருவிகளில் மட்டும் இந்த வரி செல்லாது.