பேஸ் பிரியர்

பாட்டைக் கண்ணால் கேட்பவர் பேஸ் பிரியர். காரின் டிக்கியில் 12 இஞ்ச் வூஃபரைப் பொருத்தியதும் முதல் வேலையாக அதன் முன்வலையைக் கழற்றிவிடுவார். கோன் ஆடுவது தெரிய வேண்டுமே! "பாருங்க, எப்படி மூச்சு விடுது" என்று தெருவில் போகிறவரையும் நிறுத்திக் காட்டுவார்.

அந்த மூச்சுக்கு அளவு உண்டு. கோனின் பின்னால் ஒட்டியிருக்கும் காயில், காந்தத்தின் இடுக்கை முழுதும் நிறைத்திருக்கும் வரைதான் ஆம்ப் சொன்னபடி ஆடும். காயில் சுற்று 16 மி.மீ. உயரம், இடுக்கு 8 மி.மீ. என்றால், வித்தியாசத்தில் பாதி: முன்னால் 4, பின்னால் 4. ஒழுங்கான ஆட்டம் அவ்வளவுதான். எக்ஸ்மேக்ஸ் எனப்படும் இந்தக் கணக்கு அட்டைப்பெட்டியில் இருந்தாலும் பொடி எழுத்தில்தான் இருக்கும். பிரியர் வாசிப்பது கொட்டை எழுத்தில் உள்ள வாட்ஸை.

சத்தம் குறையாமல் அதிர்வெண் பாதியாக இறங்க வேண்டுமானால் கோன் நான்கு மடங்கு ஆட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. ஆடியது 40-இல் 4, 20-இல் 16 கேட்கும். போர்ட் எனும் காற்றுத் துளை வைத்த பெட்டியில் இன்னொரு வேடிக்கை. போர்ட்டை எந்த அதிர்வெண்ணுக்கு அமைத்தார்களோ, அங்கே சத்தத்தைப் போர்ட்டே பார்த்துக்கொள்ளும்; கோன் அசைவது மிகக் குறைவு. பெட்டி உருப்படியாக வேலை செய்யும் அந்த நேரத்தில்தான் பிரியருக்கு முகம் சுருங்கும். அதற்கும் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. கோன் தறிகெட்டு ஆடும், பேஸோ வராது. பிரியருக்குப் பரம திருப்தி. காயில் பின்தட்டில் இடித்து "டொக்" என்றால், "கிக் செமயா இருக்குல்ல?" என்பார்.

அடுத்த காட்சி ரீகாயில் கடையில். மெக்கானிக் கோனைப் பிரித்து, காயில் குழலின் மடங்கிப்போன அடிவிளிம்பை விரலால் தடவிக் காட்டுவார்.

"எரியலண்ணே, இடிச்சிருக்கு."

"அப்ப காயில் டூப்ளிகேட்டு."

"சப்சானிக் ஃபில்டர் போட்டுக்குங்க, நிக்கும்."

"பேஸை அது தின்னுடுமேப்பா!"

காதுக்கு எட்டாத அதிர்வைத்தான் அது தின்னும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டமும் அதோடு போய்விடும் என்பதால் பிரியர் சம்மதிப்பதில்லை. காயிலுக்குக் காசு கொடுத்துவிட்டு, இரண்டு மடங்கு வாட்ஸில் ஆம்ப் என்ன விலை என்று விசாரிப்பார்.