சுஷி மாஸ்டரிடம் முறைப்பு வாங்காமல் சாப்பிடுவது எப்படி?

டோக்கியோவின் கின்சாவில் நல்ல சுஷிக் கடை ஒன்றில் சாப்பிடப் போகிறவர் முதலில் விட்டொழிக்க வேண்டியது, காசு கொடுப்பவன்தான் முதலாளி என்கிற நினைப்பை. 30,000 யென்னோ அதற்கு மேலோ கொடுத்து நீங்கள் வாங்குவது ஒரு நாற்காலியும், சொன்னபடி கேட்டு நடக்கும் உரிமையும்தான். மெனு கார்டு இருக்காது. ‘ஒமகாசே’ என்றால் உங்கள் சித்தம் என் பாக்கியம் என்று மாஸ்டரிடம் சரணடைந்துவிடுவது. அவர் வைப்பார், நீங்கள் உண்பீர்கள். சரணாகதியில் பேரம் கிடையாது.

இடம் கிடைப்பதுதான் முதல் கண்டம். பல கடைகளில் தெரிந்தவர் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் புதுமுகத்துக்கு இடம். இது சுத்தமான பந்தா என்பது என் கட்சி. ஆனால் கட்சி கட்டினால் பசி ஆறாது. நீங்கள் தங்கும் பெரிய ஓட்டலின் வரவேற்பு மேசைக்காரரைப் பிடியுங்கள், அவர் பேசினால் சில கதவுகள் திறக்கும். கார்டு எண்ணை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். போகாமல் இருந்துவிட்டால், சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பணம் போய்விடும்.

சுகியாபாஷி ஜிரோ என்ற கடையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1925இல் பிறந்த ஜிரோ ஓனோவின் கடை. கின்சா சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் அடித்தளத்தில், கவுண்டரில் பத்தே இருக்கை. 2014இல் ஒபாமாவும் அன்றைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மிஷ்லின் கையேடு டோக்கியோவுக்கு முதன்முதலாக வந்த 2007இலேயே மூன்று நட்சத்திரம் கொடுத்தது. 2019இல் அந்தக் கடையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். சுவை குறைந்ததால் அல்ல, சாமானியர் யாரும் முன்பதிவு செய்ய வழியே இல்லை என்பதால். இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கழிப்பறை கடைக்குள் இல்லை, வெளியேதான் இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் புத்தகத்தையும்விட உங்களுக்கு உதவப்போகும் தகவல் இதுதான். வேலையை முடித்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

போவதற்கு முன் குளியுங்கள். குளித்தபின் எதையும் பூசாதீர்கள். செண்ட், அத்தர், வாசனைக் கிரீம் எதுவும் கூடாது, தலையில் மல்லிகைச் சரமும் வேண்டாம். பத்துப் பேர் தோளோடு தோள் உட்காரும் இடத்தில் ஒருவருடைய செண்ட் மற்ற ஒன்பது பேருடைய மீனிலும் ஏறிவிடும். இந்த விதி முழுக்க நியாயமானது. கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். உங்கள் முன்னால் இருக்கும் கவுண்டர் பெரும்பாலும் ஹினோக்கி மரப் பலகை. வார்னிஷ் இல்லாத வெள்ளை மரம், கீறல் விழுந்தால் மறைக்க வழியில்லை. போனையும் அதன்மேல் வைக்காதீர்கள்.

சைவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அநேகமாக இடம் இல்லை என்பார்கள், அது பரவாயில்லை. அங்கே போய் உட்கார்ந்தபின் சொல்வதுதான் ஆபத்து. முட்டை மட்டும் சாப்பிடுவேன் என்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. பழைய டோக்கியோ பாணி முட்டை அடையில் இறாலையோ மீனையோ அரைத்துக் கலந்திருப்பார்கள்.

சூடான ஈரத் துண்டு தருவார்கள். கை துடைக்க மட்டும். முகம், கழுத்து, பிடரி என்று இறங்கிவிடாதீர்கள்.

இனி சாப்பாடு. இங்கே நமக்கு ஒரு நற்செய்தி: சுஷியைக் கையால் சாப்பிடலாம். ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் முள்கரண்டியோடு மல்லுக்கட்டிக் களைத்தவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் மூன்று விரல் போதும். பிசைய வேண்டாம். பாட்டி நிலாச்சோறு உருட்டிக் கையில் வைத்ததைப் போல அவரே உருட்டித்தான் வைத்திருக்கிறார்.

அந்த உருண்டையை ஒரு நொடி கவனியுங்கள், ஒரு நொடிக்குத்தான் அனுமதி. சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், மீன் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக. கைக்குள் நாலைந்து அசைவில் பிடித்து, சோயாவை ஒரு தீற்றுத் தீற்றி, உங்கள் முன்னால் வைக்கிறார். வைத்ததும் சோறு இம்மியளவு கீழே அமரும், பருக்கைகளுக்கு நடுவே அவ்வளவு காற்று விட்டுப் பிடித்திருக்கிறார். மேலே சோயா பளபளக்கிறது. இந்தக் கணத்துக்காகத்தான் மனிதர் சோறு வடிக்கவே சில வருஷம் கற்றுக்கொண்டார். இதே கணத்தில்தான் நீங்கள் போனை எடுக்கிறீர்கள். வெளிச்சம் போதவில்லை. தட்டைத் திருப்புகிறீர்கள். பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கை படத்தில் விழுகிறது, இன்னொன்று எடுக்கிறீர்கள். மாஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். உங்கள் உருண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். கடற்பாசித் தாள் சுற்றிய உருண்டையாக இருந்தால் இன்னும் மோசம். மொறுமொறுப்பான தாள் நீங்கள் ஃபில்டர் தேடுவதற்குள் நமத்துவிடும். அந்தப் படகு வடிவ உருண்டையை 1941இல் கியூபே என்ற கின்சா கடையில் கண்டுபிடித்தார்கள், கேமராவை மனத்தில் வைத்து அல்ல.

ஆகவே ஒரே வாய். பாதி கடித்து மீதியை வைக்கக் கூடாது. வாய் கொள்ளாது என்றால் சோற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வசாபியை உள்ளேயே தடவியிருக்கிறார், கேட்டு வாங்கிச் சோயாவில் கரைத்துப் பச்சைக் குழம்பு வைக்காதீர்கள். இஞ்சி, ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே நாக்கைத் துடைக்க. மீன்மேல் வைத்துச் சாப்பிட அல்ல.

உட்கார்ந்ததும் ‘ஓதோரோ’ இருக்கிறதா என்று கேட்பது அரைகுறை ரசிகரின் அடையாளம். சூரை மீனின் அந்தக் கொழுத்த வயிற்றுப் பகுதியை ஐஸ் பெட்டி வராத காலத்தில் சீண்ட ஆளில்லை. இன்றைய நிலைமை வேறு. 2019 புத்தாண்டில் தொயோசு சந்தையின் முதல் ஏலத்தில் 278 கிலோ சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. கொழுப்பை யாரும் ருசியாக்கிவிடலாம். மாஸ்டரின் கை தெரிவது கோஹாதாவில். நம்மூர் மத்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம், மலிவான மீன். உப்பில் எத்தனை நிமிடம், காடியில் எத்தனை நிமிடம் என்பதில்தான் அதன் உயிர். அது வரும்போது லேசாகத் தலையாட்டுங்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசிக்கு முன்னால் கடல் விலாங்கும், முடிவில் முட்டை அடையும் வரும். ஜிரோவைப் பற்றி 2011இல் வந்த ஆவணப்படத்தில் ஒரு சீடர், இந்த அடையை ஏறக்குறைய 200 தடவை செய்த பிறகுதான் குரு ஒப்புக்கொண்டார் என்று சொல்வார். படம் பார்த்தேன் என்று நீங்கள் கவுண்டரில் சொல்ல வேண்டாம். அங்கே வருகிற எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இவ்வளவு பவ்யத்துக்கும் நடுவே மறந்துவிடக் கூடாத ஒன்று: இது தெருவோரத் தீனி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டோக்கியோ எடோவாக இருந்தபோது, தள்ளுவண்டி முன்னால் நின்றபடி இரண்டு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள். அந்த அவசரம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது, விலைதான் தங்கவில்லை. ஜிரோ மாதிரிக் கடையில் இருபது உருண்டை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நிமிடத்துக்கு ஆயிரம் யென்னுக்குக் குறையாமல் ஓடுகிறது மீட்டர், தும்மலைக்கூட யோசித்துத் தும்ம வேண்டும். நிதானமாக, அரட்டையடித்துக்கொண்டு சாப்பிட ஆசை என்றால் தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் கடைக்குப் போங்கள். 1958இல் ஒசாகா பக்கம் ஒரு புண்ணியவான் தொடங்கி வைத்தது. அங்கே தட்டைப் படமெடுக்கலாம், செண்ட் பூசலாம், பிடிக்காத தட்டைத் தொடாமலே போகவிடலாம்.

பில் மடித்து வரும். பார்த்ததும் புருவத்தைத் தூக்காதீர்கள். டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்து போய்விட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள். ‘கோச்சிசோசமா’, அதாவது விருந்துக்கு நன்றி, என்று சொல்லித் தலை குனிந்து வெளியேறுங்கள்.

ஊருக்குப் போன் செய்தால், வேகாத மீனுக்கு எவ்வளவு ஆயிற்று என்று நிச்சயம் கேட்பார்கள். யென்னில் சொன்னால் தொகை பெரிதாகக் கேட்கும். ரூபாயில் சொன்னால் சிறிதாகத்தான் கேட்கும், ஆனால் புரிந்துவிடும். சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.